பொதுச்சுவரில் ஒரு கண்ணாடி

ஜூன் 9, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கும் தோழிக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் கிழித்துவிடு.

பின்பக்க நடையில், மெத்தைச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். டார்ச்சின் மேல் துண்டைச் சுற்றியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு இந்த நடையில், நமக்கும் பக்கத்து வீட்டுத் தையல் அத்தைக்கும் பொதுவான சுவரில், ஒரு விரிசல் விழுந்தது. முதலில் தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. இப்போது என் நகம் உள்ளே போகிறது. அத்தை தையல் மிஷினை உதைத்து உதைத்தே சுவர் வெடித்தது என்று அப்பா சொன்னார். அப்பா மெத்தையைப் போட்டு அடித்ததில்தான் வெடித்தது என்று அத்தை சொன்னார். இனி என் வாசல்படியை மிதிக்காதே என்று அப்பா கத்த, "உன் வாசப்படிய மிதிச்சா என் செருப்புக்குத்தான் அசிங்கம்" என்று அத்தை திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. உன் கடிதங்கள் அத்தையின் முகவரிக்கு வருவது அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ. கடிதம் வந்தால் அத்தை கத்தரிக்கோலின் பிடியால் சுவரில் டொக் டொக் என்று தட்டுவார். நான் பால் வாங்கப் போவதுபோல் போய் வாங்கிக்கொள்வேன்.

விரிசல் விழுந்ததும் அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம். சுவர் ஆபத்தானது என்று, பழைய வீடுகளைக் காக்கும் பாதுகாப்பு அலுவலகம் எழுதிக் கொடுத்தால், இடிக்கக் கூடாத வீடுகளின் பட்டியலிலிருந்து நம் வீட்டை எடுத்துவிடுவார்களாம். பிறகு இடித்துவிட்டு, அகலமான வாசலும் இரும்பு ஷட்டருமாக மெத்தைக் கடையைப் புதிதாகக் கட்டலாம். அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். விரிசலுக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் வெள்ளை சிமெண்டால் அப்பி, ஈரத்திலேயே ஆணியால் தேதி கீறினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். "கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொல்கிறோம். அப்பா தினமும் காலையில் கண்ணாடியை எட்டிப் பார்த்து, "இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்; கொஞ்ச நாளில் அலுத்துப்போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் அத்தை பயந்துபோய்க் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்று பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். கண்ணாடி உடைந்திருக்கிறது. அதன் கீழே அப்பாவின் சுத்தியல் கிடக்கிறது.

அப்பா எப்போதும்போல் கடையைச் சாத்திவிட்டு வந்தார். சாப்பிட்டார், கணக்குப் பார்த்தார், படுத்தார். இந்த மாதம் கண்ணாடிக்காரர் மறுபடி வருகிறார். தானே போய்ச் சொன்னால் சந்தேகப்படுவார்கள், அவரே வந்து பார்க்கட்டும் என்றுதான் அப்பா பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். வீட்டை இடித்தால் பாதிச் சுவர் இல்லாமல் அத்தை எங்கே போவார்? உன் அறை என்ன ஆகும்? உடைந்த இடத்தை மறைத்து ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும், சீக்கிரம் எழுது.

உன் சுண்டெலி


ஜூன் 13

சுண்டெலிக்கு,

கிழித்துவிட்டேன். பாதி விடுதித் தொட்டியில், பாதி ஆஸ்பத்திரித் தொட்டியில். போதுமா?

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் கொடுமை. கையில் சுத்தியலோடு பொறந்த மனுஷன் அவர். உனக்கு அப்போது விவரம் தெரியாது. தெருவைப் பாதுகாக்கப் போகிறோம் என்று முதன்முதலில் அதிகாரிகள் வந்தபோது, நம் வீடு பட்டியலிலேயே இல்லை. கடையின் உட்கூரையை அப்பா பிளைவுட் பலகை வைத்து மூடியிருந்தார். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பலகையைக் கழற்றி, உத்தரத்தில் செதுக்கியிருந்த வருஷத்தையும் பூங்கொடியையும் அவர்களுக்குக் காட்டினேன். அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பெத்த பொண்ணே வீட்டைக் காட்டிக் குடுத்துட்டா" என்று அன்று இரவு சொன்னார். காட்டத்தானே செய்தேன், கொடுக்கவில்லையே என்று நான் சொன்னேன். மீதி உனக்குத் தெரியும். நான் பெட்டியை எடுத்ததும் அவர் தடுக்கவில்லை. இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.

அந்த வீட்டுக்காக நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அதை ஒரு சுத்தியல் அடியில் முடிக்க விடமாட்டேன்.

கவனமாகக் கேள். போட்டோ சட்டம் போடுகிறவர் கடையில் விரலகலத்துக்குக் கண்ணாடி வெட்டித் தரச் சொல். பள்ளியில் அறிவியல் செய்முறைக்கு என்று சொல். பெயின்ட் கடையில் வெள்ளை சிமெண்ட் ஒரு கைப்பிடி போதும். தேதி கீறிய சிமெண்டைத் தொடாதே. உடைந்த துண்டுகளை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு, புதியதை அதே இடத்தில் செருகி, ஓரத்தில் மெல்லிசாகப் பூசு. காய்ந்த பிறகு கொஞ்சம் தூசியைத் தேய். நடை இருட்டுதானே, ஒருவருக்கும் தெரியாது. அத்தையிடம் சொல்லாதே. அவருக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

அப்பா அடித்ததை நீ கண்ணால் பார்த்தாயா? எழுதவில்லையே. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. வேறு யார் அடிக்கப் போகிறார்கள்?

அக்கா


ஜூன் 19, இரவு

அக்கா,

செய்துவிட்டேன்.

கண்ணாடி எங்கிருந்து தெரியுமா? கடைக்காரர் புதுக் கண்ணாடிக்குக் காசு கேட்டார், பழைய சட்டம் இருந்தால் கொண்டு வா, அதிலிருந்தே வெட்டித் தருகிறேன் என்றார். பீரோவின் பின்னால் உன் படம் இருக்கிறது. அப்பா சுவரிலிருந்து எடுத்த நாளிலிருந்து அங்கேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. படத்தை என் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மட்டும் கொண்டுபோனேன். இப்போது விரிசலுக்குக் குறுக்கே இருப்பது உன் முகத்தின் மேல் இருந்த கண்ணாடி. அதை ஒட்டும்போது எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. உடைந்த பழைய துண்டுகளை ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நேற்று கண்ணாடிக்காரர் வந்தார். நான் வேண்டுமென்றே காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லை. மெத்தைச் சுருள்களை அப்பா விலக்கிக் கொடுக்க, அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணாடி முழுசா இருக்கு. சுவர் செட்டாயிருச்சு, இனிமே அசையாது" என்றார். எழுதிக்கொண்டார், போய்விட்டார்.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். கோபம் வரும், திடுக்கிடுவார், சுற்றுமுற்றும் தேடுவார் என்று நினைத்தேன். எதுவும் இல்லை. பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். "நிக்கிற சுவரத் தள்ளிவிட முடியாது. இருக்கறத வச்சுப் பொழைப்பப் பாப்போம்" என்று அம்மாவிடம் சொன்னார். நம் வாசலில் இரட்டை மெத்தை நுழைப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். அப்பா உள்ளே தள்ள, அம்மா இழுக்க, தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். போன வாரம் ஒருவர், "உள்ள போறப்ப மெத்தை, வெளிய வர்றப்ப தலையணை" என்று கேலி செய்துவிட்டு வாங்காமல் போனார். அகல வாசல் இனி இல்லை என்று ஆனதும் அப்பா வேறு முடிவு எடுத்துவிட்டார். கீழே கடையை ஒதுக்கி இடம் பண்ணி, சரக்கையெல்லாம் மாடியில் அடுக்கப் போகிறாராம். மாடி என்றால் உன் அறை. விரிசல் விழுந்த சுவருக்கு நேர் மேலே. சுவர் உறுதி என்று சொல்லிவிட்டார்களே என்கிறார்.

அத்தைக்கும் செய்தி போயிற்று. முன்னறையில் தெரு வெளிச்சம் கண்ணில் அடித்துத் தூக்கமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர், கட்டிலை மறுபடி சுவரோரம் போட்டுக்கொண்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்று அப்பா சுத்தியலைத் தேடினார். எத்தனை நாளாகக் காணோம் என்று கத்தினார். "நான்தான் ஸ்டூல் கால் ஆடுதுன்னு எடுத்தேன், நடையில எங்கயோ வச்சேன்" என்றார் அம்மா. நடையில்தான் கிடந்தது. அம்மா வைத்த இடத்தில்.

நீ என்ன நினைக்கிறாய்?

சுண்டெலி


ஜூன் 24

அடி சமர்த்துச் சுண்டெலி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எக்ஸ்ரே அறையில் வரிசையில் நின்ற நோயாளிகளிடம் எல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தேன். இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, கால் ஒடிந்து வந்தவனைப் பார்த்தும் சிரிக்கிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். என் முகத்து மேலிருந்த கண்ணாடியே அப்பாவைத் தோற்கடித்தது என்றால் எனக்கு இதைவிட என்ன வேண்டும்? பீரோவுக்குப் பின்னால் நின்றாலும் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாமலேயே தெரிந்திருக்கும்.

சுத்தியலைப் பற்றி மூளையைக் குழப்பிக்கொள்ளாதே. அம்மா எப்போதும் அவருக்கு முட்டுக் கொடுப்பவள். அவர் பெருமூச்சு விட்டார் என்றால் நடிக்கிறார் என்று அர்த்தம். முகத்தில் ஒன்றையும் காட்டாதவர், நான் பஸ் ஏறும்போதுகூட அப்படித்தான் நின்றார்.

என் அறையில் மெத்தை அடுக்குகிறார் என்பதுதான் வலிக்கிறது. அடுக்கட்டும். அறை இருக்கிறதே, அது போதும். என் ஜன்னல் ஓரத்தில் மரத்தில் நான் கீறிய பெயர் இருக்கும். அதை மட்டும் மெத்தையால் மறைக்க விடாதே.

நன்றாகப் படி. கணக்கில் கோட்டை விட்டுவிடாதே.

அக்கா


ஜூன் 25, விடியற்காலை

சுண்டெலி,

நேற்று எழுதியதைத் தபாலில் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாகவே வந்தாலும் வரலாம். இதை முதலில் படி.

இரவுப் பணியில் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தேன். மேலிருந்து கல் விழுந்த கை. எலும்பு நட்சத்திரம்போல் சுற்றிலும் தெறித்திருந்தது. அடி பட்டால் அப்படித்தான் உடையும், பட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும். இழுபட்டு, முறுக்கி உடைந்தால் வேறுமாதிரி. நேராக, சுத்தமாக ஒரே கோடு.

அந்தப் பழைய கண்ணாடித் துண்டுகளை ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். எடுத்துப் பார். எத்தனை துண்டு? சுத்தியல் பட்ட இடம் என்று ஏதாவது பொடிந்திருக்கிறதா? இல்லை, ஒரே கோடா?

சும்மாதான் கேட்கிறேன். எதற்கும் உடனே எழுது.

அக்கா


ஜூன் 29, இரவு

அக்கா,

ஒரே கோடுதான்.

இரண்டு துண்டு. பொடி இல்லை, தெறிப்பு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் உடைந்ததே தெரியவில்லை. உன் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் நேற்று சாயங்காலம் நான் ஒட்டிய கண்ணாடியும் உடைந்துவிட்டது.

யாருமே இல்லை, அக்கா. அப்பா புதுச் சரக்கு எடுக்க லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். அம்மா குழாயடியில் இருந்தார். அத்தை நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்ததால் மிஷின் சத்தம்கூட இல்லை. நான் இங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். பென்சில் முனை ஒடிந்த மாதிரி. என் பென்சிலைத்தான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தேன். உன் கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு.

அப்பா அடிக்கவே இல்லை. முதல் கண்ணாடி உடைந்ததையும் அவர் பார்க்கவே இல்லை. சுவர்தான் சொன்னது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்களே, நான் என் கண்ணை மட்டுமா மூடினேன்? எல்லார் கண்ணையும் மூடிவிட்டேன். கண்ணாடி முழுசாக இருந்ததால்தான் கண்ணாடிக்காரர் அப்படி எழுதினார். அவர் எழுதியதால்தான் அப்பா மாடியில் சரக்கை ஏற்றினார். உன் அறையில் பாதிக்குத் தரையிலிருந்து கூரை வரை மெத்தை. ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்த எனக்குத் தெரியும். அத்தை கட்டிலைச் சுவரோரம் போட்டதும் அதனால்தான். அவர் தலை வைக்கும் இடத்துக்கும் விரிசலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

இரண்டு நாளாக மழை. நடையில் வெள்ளைத் தூள் உதிர்கிறது. கூட்டினால் மறுபடி உதிர்கிறது.

அத்தையிடம் போய், சுவரோரம் பூரான் பார்த்தேன், கட்டிலை மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "பூரானா? உங்கப்பனையே பக்கத்து வீட்டுல வச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்றேன், பூரான் என்னடி செய்யும்" என்றார். சுவர் அசைகிறது போல இருக்கிறது அத்தை என்றும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஆபீசரே நன்றாயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நீ படித்துப் பெரிய இன்ஜினீயர் ஆனதும் வந்து சொல் என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்பிவிட்டார்.

அம்மாவிடமும் ஆரம்பித்தேன். அம்மா, நடையில் கண்ணாடி, என்றதுமே அவர் முகம் மாறிற்று. "இந்த வீட்டுல உடைஞ்சது போதும். எதுவா இருந்தாலும் உங்கப்பா வரட்டும்" என்று அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? கண்ணாடியை ஏன் மாற்றினாய் என்பார். நீங்கள் உடைத்தீர்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்பார். உன் பெயர் வரும். உன் பெயர் வந்தால் கடிதம் வரும், கடிதம் வந்தால் அத்தை வருவார். ஒரு நூலை இழுத்தால் எல்லாம் பிரிந்துவிடும். இழுக்காவிட்டால் சுவர்.

நீ சொல். நீ சொன்னால் செய்கிறேன். அத்தை தூங்கும்போது குறட்டை விடுவார். இப்போது கேட்கிறது. அது நிற்கும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

சுண்டெலி


ஜூலை 2, விரைவுத் தபால்

சுண்டெலி,

அத்தையை அந்தச் சுவரோரத்திலிருந்து எழுப்பு. பூரான் கதையெல்லாம் வேண்டாம். உண்மையைச் சொல். இந்த வரியைப் படிக்கும்போது அவர் அங்கே இருந்தால், மீதியைப் படிக்காமல் இப்போதே எழுப்பு.

பிறகு அப்பாவிடம் சொல். நான் சொல்லித்தான் செய்தாய் என்று சொல். அது உண்மைதான். இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு. இனி எதையும் கிழிக்க வேண்டாம்.

நீ என்னிடம் கேட்டாய், என்ன செய்யட்டும் என்று. நான் சுவரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அப்பாவைப் பற்றித்தான் யோசித்தேன். உன் கடிதத்தில் சுத்தியல் என்ற ஒரு சொல்தான் என் கண்ணில் பட்டது. அவர் அடித்தார் என்று நீ எழுதவே இல்லை. நான்தான் அடிக்க வைத்தேன். அவரைக் கெட்டவராக்க எனக்கு அவ்வளவு அவசரம்.

வீடு போனால் போகட்டும். உத்தரம், கொடி, என் ஜன்னல், எல்லாம் போகட்டும். மெத்தைகளை யாரும் மாடிக்குப் போய் இறக்க வேண்டாம். யாரும் மாடி ஏற வேண்டாம். எல்லாரும் தெருவுக்கு வாருங்கள். நம் வீட்டிலும் அத்தை வீட்டிலும் போன் இல்லை, அதனால் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போன் செய்துவிட்டேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

விடுப்பு கிடைத்ததும் பஸ் ஏறுகிறேன். அப்பா கதவைத் திறக்காவிட்டால் தெருவிலேயே நிற்கிறேன்.

பயப்படாதே என்று எழுத மாட்டேன். பயப்படு. பயந்துகொண்டே போய் எழுப்பு.

அக்கா


ஜூலை 3, இரவு

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. நாள் முழுக்கச் சுவரில் அந்த டொக் டொக் கேட்குமா என்று காத்திருந்தேன். பிறகு, ஐயோ, இந்தச் சுவரில் அத்தை தட்டக் கூடாதே என்று பயந்தேன். எனக்கு எது வேண்டும் என்றே தெரியவில்லை.

இதை நீ படிக்கும்போது என்னவாகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா சாயங்காலம் வந்துவிட்டார். லாரி வாசலில் நிற்கிறது. கொண்டுவந்த சரக்கைக் காலையில் மாடிக்கு ஏற்றப் போகிறார்கள். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், அப்போது சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்பா, ஒரு விஷயம், என்று ஆரம்பித்தும் விட்டேன். அவர் அதைக் கவனிக்காமல் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். அந்த பிளைவுட் பலகைகளை அவர் எப்போதோ எடுத்துவிட்டார் என்று உனக்கு நான் எழுதவே இல்லை, இல்லையா? உத்தரம் இப்போது நன்றாகத் தெரிகிறது. "உங்க அக்கா அன்னிக்கு சொன்னது சரிதான் போல. நம்மளவிட இந்த வீடு ஒழுங்காத்தான் நிக்குது" என்றார். சொல்லிவிட்டு, "அவ எப்படி இருக்காளோ" என்றார். யாரிடமும் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நீ போன பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அதை அவர் பேசியதே நான் ஒட்டிய பொய்க் கண்ணாடியால்தான். "என்னமோ சொல்ல வந்தியே" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அக்கா, என் வாயில் அதுதான் வந்தது.

பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். பள்ளிச் சீருடை ஒரு குவியல் வெட்டிப் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் இருந்தார். காலைக்குள் கொடுக்க வேண்டுமாம். மிஷின் அந்தச் சுவரோரம்தான் இருக்கிறது. இன்று மட்டும் முன்னறையில் வைத்துத் தையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன். "உங்கப்பன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து, பழைய கண்ணாடித் துண்டு இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். இது கண்ணாடிக்காரர் ஒட்டியது, அத்தை, உடைந்து எத்தனையோ நாளாகிறது, நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்க வேண்டும். எல்லாம் பிறகுதான் தோன்றுகிறது.

இப்போது இதோ மிஷின் சத்தம் கேட்கிறது. அவர் நகரவில்லை. அந்தத் துண்டுகளை என்ன செய்தாரோ, ஏதோ சின்னப் பெண் விளையாட்டு என்று ஓரமாக வைத்திருப்பார். கடகடவென்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஓடும்வரை அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் உதைக்கும் ஒவ்வொரு உதைக்கும் சுவரிலிருந்து தூள் விழுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் காகிதத்தின் மேலும் விழுகிறது. ஊதிவிட்டு எழுதுகிறேன். நீ இந்தக் கடிதத்தைத் தொட்டால் உன் விரலில் ஒட்டும்.

விரிசலில் என் சுண்டுவிரல் போகிறது. நேற்று நகம்தான் போயிற்று.

காலை வரை பொறுக்கலாமா? காலையில் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் சரக்கு ஏறும் முன்னால். ஆனால் இப்போது மேலே ஏதோ முனகுகிறது. மரம் முனகுகிறது. உன் அறையில் மெத்தைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்கிற மாதிரி ஒரு சத்தம்.

மிஷின் நின்றுவிட்டது.

மறுபடி ஓடவில்லை. நான் காதைச் சுவரில் வைக்கப் பயந்து கொஞ்சம் தள்ளி நின்று கேட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. குறட்டையும் இல்லை. அத்தை தூங்கவில்லை. என்ன செய்கிறார்?

போதும், அக்கா. நான் போய் அப்பாவை எழுப்புகிறேன். கண்ணாடியை மாற்றியது நான் என்று சொல்கிறேன். நீங்கள் உடைத்தீர்கள் என்று நினைத்தேன் என்பதையும் சொல்கிறேன். அவர் அக்கா எப்படி இருக்கிறாளோ என்று கேட்டாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள், எனக்கு எழுதுகிறாள் என்று. பிறகு அவர் என்ன செய்தாலும் செய்யட்டும். முதலில் எல்லாரும் வெளியே

கதவு தட்டுகிறது.

டொக் டொக். கத்தரிக்கோல் பிடியின் சத்தம். சுவரில் இல்லை, அக்கா. நம் வாசல் கதவில். அத்தை நம் வாசல்படியில் நிற்கிறார்.

அப்பா எழுந்துவிட்டார், "யாரு?" என்கிறார். அவருக்கு முன்னால் நான் போக